அண்ணாச்சியின் ரிவால்வரில் ஆறாவது அறை

செய்தி எனக்கு மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. அன்று காலை கல்லூரியில் தேர்வறைக் கண்காணிப்பு. செல்பேசியைத் துறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது விதி; எங்கள் கல்லூரியில் அந்த விதியை மதிக்கிற ஒரே ஆள் நான். அதற்காக எனக்கு எந்தப் பதவியும் வந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். பகல் ஒரு மணிக்கு வெளியே வந்து எடுத்துப் பார்த்தால், எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு செய்திகள். எல்லாவற்றிலும் அஞ்சலிக்கான ஒரே மலையாளச் சொல்: ‘ஆதராஞ்சலிகள்’. எல்லாவற்றுக்கும் மேலே ஆவுடையப்ப அண்ணாச்சியின் படம். காதுகளை மூடும் கவசத்தோடு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்க முயல்கிறவர்போல நின்றிருந்தார்.

சாலைக் கம்போளத்தில், அந்தப் பெரிய கடைத்தெருவில், தன் கடையின் ஷட்டரை உயர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டாராம். மாணவர்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கேள்வித்தாளைக் காட்டி ஏதோ வாதாடினார்கள். வாய் அசைவது தெரிந்தது, ஓசை வரவில்லை. படத்தில் இருந்த அந்தக் கவசத்தை யாரோ என் காதில் மாட்டிவிட்டதுபோல இருந்தது. வீடு இருக்கும் கரமனைக்கு எந்த பஸ்ஸில் போனேன், எங்கே இறங்கினேன் என்று எனக்கு இப்போதும் நினைவில்லை. ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் வெயிலில் சுட்டதும், நான் கையை எடுக்காமல் இருந்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

தமிழ்ச் சங்க மலருக்கு அண்ணாச்சியைப் பற்றி எழுதித் தர முடியுமா என்று கேட்டவர் போனில் கொஞ்சம் தயங்கினார். தயக்கத்தின் காரணம் எனக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் தெரியும். பொங்கல் பந்தலுக்குக் கயிறும் ஆணியும் கொடுத்தவராக அவரை அறிந்தவர்கள் உண்டு. ரேஞ்சில் சுவரோரத்து ஏழாம் லேனில் தனியாக நின்று சுட்டவராக அறிந்தவர்கள் உண்டு. ஆனால் இரு பக்கமும் தெரிந்த எல்லோருக்கும் இன்னொன்றும் தெரியும்: வாத்தியாருடைய ரிவால்வரைத் தட்டிப் பறித்தவர் அவர். அந்த வாத்தியார் நான்.

கிளப்பில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்குரிய நல்ல துப்பாக்கி இங்கே புதிதாகக் கிடைப்பது அரிது. ஆகையால் பழையது ஒன்று எங்காவது விலைக்கு வந்தால் எல்லோருக்கும் ஆசை வரும். ஆசை சண்டையாகிவிடக் கூடாது என்பதற்காக, முதலில் போய்ப் பார்த்தவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும்வரை மற்ற உறுப்பினர் யாரும் அதைக் கேட்கக் கூடாது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, மலைமேல் தேயிலை எஸ்டேட்டான போனக்காட்டில் விலைக்கு வந்த ஒரு ரிவால்வரை நான் பார்த்தேன்; யோசித்துச் சொல்வதாகத் திரும்பினேன்; மூன்று வாரத்துக்குள் அண்ணாச்சி அதை வாங்கிவிட்டார். இந்தக் கதையை நான் ரேஞ்சில் சொன்னேன். சங்கத்தில் சொன்னேன். கேட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். அந்த வருடம் கிளப் செயலாளர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழிந்தவர்கள் சத்தமில்லாமல் பின்வாங்கினார்கள். அவருக்குப் பக்கத்து லேனில் நிற்பதற்கு ஆள் குறைந்தது. அவர் ஒவ்வொரு லேனாகத் தள்ளிப் போய்க் கடைசியில் சுவரோடு சேர்ந்தார்.

அந்தக் கதையில் சில விஷயங்களை நான் விட்டுவிட்டேன். அவற்றை இங்கே சொல்வதற்காகத்தான் எழுத ஒப்புக்கொண்டேன்.

முதலில், நாங்கள் எப்படிப் பழகினோம் என்று சொல்ல வேண்டும். நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவன். கரமனையில் எங்கள் தெருவிலேயே துப்பாக்கி லைசென்ஸ் உள்ள ஒரே ஆள். அவர் ஆணி, பூட்டு, கீல் விற்பவர். எட்டாம் வகுப்போடு திருநெல்வேலியிலிருந்து வந்தவர். குண்டு காற்றில் எந்த வளைவில் போகும் என்று கரும்பலகையில் வரைந்து காட்ட என்னால் முடியும். இருபத்தைந்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையின் நடுவில் அதை இறக்க அவரால் முடியும். இந்த ஏற்பாட்டைச் செய்த ஆண்டவன் யாரோ, அவன்மேல் எனக்குத் தீராத மனக்குறை. முதல் மாதம் என் அட்டையைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார்.

“சாமி, அட்டையவா பாக்கிய?”

“வேற எதைப் பாக்கறது? அதைத்தானே சுடணும்.”

“அங்கதான் தப்பு. எதுக்க இருக்கது மங்கலாத்தான் இருக்கணும். கிட்ட இருக்கதுதான் தெளிவாத் தெரியணும். குழல் நுனியில நிக்குதுல்லா ஒரு சின்னக் கம்பம், அத மட்டும் பாருங்க. அட்ட கனாவுல கண்ட மாதிரி மெதந்துக்கிட்டு நிக்கட்டும்.”

பார்த்தேன். கம்பம் கூர்மையாக நின்றது. அதற்கப்பால் கறுப்பு வட்டம், பனியில் தெரியும் நிலவுபோல, இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் மிதந்தது. கண்ணுக்கும் ஒளிக்கும் உள்ள உறவைப் பற்றி இருபது வருடம் பாடம் எடுத்தவனுக்கு ஆணிக்கடைக்காரர் சொல்லித்தான் இது தெரிந்தது. நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

போனக்காட்டு ரிவால்வரை நான் கண்டுபிடித்ததாகத்தான் எல்லோரும் நினைக்கிறீர்கள். நான் விட்டுவிட்ட முதல் விஷயம் அது. அதைப் பற்றி என்னிடம் சொன்னவரே அண்ணாச்சிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கரமனைக்கு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார்.

“போனக்காட்டுல ஞானமுத்து ஐயான்னு, எஸ்டேட்டுல பெரிய கிளார்க்கா இருந்தவரு. நம்ம கடையிலதான் கீலும் கொக்கியும் வாங்குவாரு. அவருக்கு லைசென்ஸ்ல ஒரு பழைய ரிவால்வர் இருக்கு சாமி. தொர போகும்போது குடுத்துட்டுப் போனது. இருபத்திரண்டு காலிபர், குறி பாத்துச் சுடுகதுக்குன்னே செஞ்சது. அவருக்கு வயசாயிட்டு, குடுத்துருவேங்காரு.”

“நீங்க ஏன் வாங்கிக்கலை, அண்ணாச்சி?”

“எனக்கு ஒண்ணு இருக்குல்லா. நீங்க கிளப்பு துப்பாக்கிய வச்சுக்கிட்டு எத்தன நாளு மாரடிப்பிய? போய்ப் பாத்துட்டு வாங்க.”

போனேன். விதுரை தாண்டியதும் பஸ்ஸுக்குள் பனி வந்தது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து, இருமல் ஓசையாக மட்டும் மிஞ்சினார்கள். இறங்கி நடந்தபோது தேயிலைச் செடிகள் என் இடுப்புயரத்துக்கு வந்து கலைந்து போயின. எங்கோ ஒரு பெண் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள், ஆள் தெரியவில்லை. வழியைக் கேட்டதற்கு அந்தக் குரலே “நேரா போங்க சார், நாய் குரைக்கிற வீடு” என்றது. நாய் குரைத்தது. ஞானமுத்து ஐயா ஸ்வெட்டர் போட்டு வாசலில் நின்றார். எண்பது வயதிருக்கும். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில், மஞ்சள் ஃபிளானல் துணியில் சுற்றி வைத்திருந்தார். நான் வாழ்நாளில் எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. ஆறு அங்குலக் குழல். கருநீலப் பூச்சு, விளிம்புகளில் மட்டும் தேய்ந்து வெள்ளி மின்னியது. வால்நட் மரப் பிடியில் யாருடைய உள்ளங்கையோ எழுபது வருடம் தங்கிய பளபளப்பு. சிலிண்டரைத் திறந்து, குழலின் ஒரு முனையில் என் கட்டைவிரல் நகத்தை வைத்து, மறுமுனையில் கண்ணை வைத்தேன். நகத்தில் பட்ட வெளிச்சம் உள்ளே ஏறி, மரையில் சுழன்று சுழன்று வந்தது. துருவின் நிழல்கூட இல்லை. ஒரு நீண்ட வெள்ளிக் கிணற்றுக்குள் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. அதன் அடியில் பனி.

சிலிண்டரை மூடினேன். மேலே உள்ள சுத்தியைப் பெருவிரலால் இழுத்து, ட்ரிகரைத் தொட்டேன். அழுத்தியதாகவே தெரியவில்லை. மெல்லிய கண்ணாடிக் குச்சி ஒன்று ஒடிந்ததுபோல, ‘டிக்’ என்றது. இன்னொரு முறை. இன்னொரு முறை.

இங்கே, துப்பாக்கி தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகைத் தோட்டாவுக்கு மருந்து அதன் விளிம்பில் இருக்கும். ரிம்ஃபயர் என்பார்கள். சுத்தியின் மூக்கு அந்த விளிம்பில் அடிக்கும்படிதான் வைத்திருப்பார்கள். தோட்டா உள்ளே இருந்தால் பித்தளை அடியை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் அந்த அடி, சிலிண்டரில் தோட்டா வைக்கும் அறையின் எஃகு விளிம்பிலேயே விழும்; சுத்தியை இழுக்கும்போதெல்லாம் சிலிண்டர் திரும்பி அடுத்த அறை அடிக்கு வந்து நிற்கும். ஆகவே வெறுமையாக இருக்கும்போது இதைச் சொடுக்கக் கூடாது. முதல் நாள் கிளப்புக்கு வருகிறவனுக்குச் சொல்லும் முதல் பாடம் இது. எனக்கும் தெரியும். நன்றாகவே தெரியும். முதல் சொடுக்கு ஆசையில் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு என்னிடம் சமாதானம் இல்லை. அந்த வீட்டில், அந்தப் பனியில், என் கையில் இருந்தது துப்பாக்கி என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஏதோ ஒரு நல்ல விஷயம் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று மட்டும் தோன்றியது.

“ஏழு,” என்றார் ஞானமுத்து ஐயா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“ஏழு வாட்டி சொடுக்கினீங்க சார். எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டாவது வாட்டி நிறுத்துவீங்க, மூணாவது வாட்டி நிறுத்துவீங்கன்னு பார்த்தேன்.” என் கையிலிருந்து அதை மெதுவாக, தூங்கும் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார். “தொர இத எனக்குக் குடுக்கறப்ப ஒரே ஒரு பேச்சுதான் சொன்னாரு. தோட்டா இல்லாம வெறுமனே சொடுக்காதேன்னு. முப்பத்தெட்டு வருசம் நான் சொடுக்கல.”

“மன்னிக்கணும். பிடிச்சுப்போன சந்தோஷத்துல...”

“பிடிச்சுப்போனா அப்படித்தானா சார்?” ஃபிளானல் துணியைச் சுற்றினார். “உங்களுக்குக் குடுக்க மாட்டேன். தப்பா நினைக்காதீங்க. டீ குடிச்சிட்டுப் போங்க.”

டீ குடித்தேன். அதைவிட அவமானமான டீயை நான் குடித்ததில்லை.

மறுநாள் சாலைக் கடையில் அண்ணாச்சி கேட்டார்: “என்ன சாமி, ஆச்சா?”

“யோஜிக்கணும் அண்ணாச்சி. அவர்கிட்ட டயம் கேட்டுட்டு வந்திருக்கேன்,” என்றேன். அவர் தராசில் ஆணியைக் கொட்டிக்கொண்டிருந்தார். “யோசிங்க, யோசிங்க,” என்றார். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை.

நான் விட்டுவிட்ட இரண்டாவது விஷயம், அடுத்த வாரம் நடந்தது. அண்ணாச்சி மறுபடியும் கரமனைக்கு வந்தார். இந்த முறையும் வாசலிலேயே நின்றார்.

“ஞானமுத்து ஐயா போன் பண்ணினாரு. மார்த்தாண்டத்துல மக வீட்டுக்குப் போறாராம். லைசென்ஸத் திருப்பிக் குடுக்கப் போறாரு. யாரும் எடுக்கலேன்னா அது ஸ்டேஷன்ல கெடந்து துரு ஏறும். என்னைய எடுக்கச் சொல்லுதாரு. நீங்க மொதல்ல பாத்தவிய. உங்ககிட்ட கேக்காம எடுக்கப்பிடாது. எடுக்கட்டா?”

அவர் முகத்தைப் பார்த்தேன். கிழவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாரோ? முகத்தில் ஒன்றும் இல்லை. மழை வரும்போல இருந்ததால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க இஷ்டம்,” என்றேன்.

நம் மொழியில் அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது சம்மதமும் அல்ல, மறுப்பும் அல்ல. பின்னால் குற்றம் சொல்வதற்காக ஒதுக்கி வைக்கும் இடம். அவர் “சரி, சாமி” என்று குடையை விரித்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து ரிவால்வர் ரேஞ்சுக்கு வந்தது. அன்று மாலையே நான் என் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ‘என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே’ என்ற வாக்கியம் அந்தக் கதையில் உண்டு. உங்களில் சிலர் அதை என் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள்.

அதன்பின் பன்னிரண்டு வருடம் நாங்கள் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. ஆனால் தேர்தல் வந்தால் சேர்ந்து நின்றே ஆக வேண்டும். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? எனக்கும் அதற்குள் ஒரு பிஸ்டல் இருந்தது. நல்ல பிஸ்டல்தான், எனக்குத்தான் அதன்மேல் ஒட்டுதல் வரவில்லை. ஒருமுறை வரிசையில் அவருக்கு நேர் பின்னால் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் அண்ணாச்சியின் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது எந்தா அண்ணாச்சி, மியூசியத்தில் நின்னு கொண்டுவந்நதோ? வெடிக்குமோ?”

“அஞ்சு வெடிக்கும் சாரே. ஆறாமத்தது கொறச்சு ஆலோசிக்கும்.”

வரிசை முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரர் சிலிண்டரைத் திறந்தார். ஆறு அறைகளில் ஒன்றின் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, குங்குமம் வைத்ததுபோல. “இதெந்தா, பூஜை கழிச்சதோ?” என்றார். நான் பின்னாலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “பறிச்சது நிலைக்கணும்னு வேண்டுதல் இருக்கும்.”

அண்ணாச்சி திரும்பவில்லை. ரசீதில் கையெழுத்துப் போட்டு, அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போகும்போது, “பிஸ்டல்ல எண்ண கொறவா இருக்கு சாமி, பாத்துக்கிடுங்க” என்றார். எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்தப் புள்ளியை நான் ரேஞ்சிலும் பார்த்திருக்கிறேன். நாங்கள் சுடும் போட்டியில் ஒரு சுற்றுக்கு ஐந்து குண்டு. ஆறு அறை உள்ள ரிவால்வரிலும் ஐந்துதான் போடுவார்கள். ஒன்று காலியாக இருக்கும். யாரும் எது காலி என்று கவனிப்பதில்லை. அண்ணாச்சி மட்டும், புள்ளி வைத்த அறை சுத்திக்கு நேராக மேலே வரும்படி பார்த்துத்தான் மூடுவார். அடுத்து வரும் ஐந்தும் நிரம்பியவை. பன்னிரண்டு வருடமும் அப்படித்தான். வியாபாரிகளுக்கு இப்படி ஏதாவது ராசி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மழைக்கால மாலைகளில், தகரக் கூரையின் சத்தத்துக்கு நடுவில், சுவரோரத்தில் அவர் கை நீண்டிருப்பதையும், சின்னச் சின்னதாக ஐந்து ஓசைகள் பஞ்சில் விழுவதுபோல வருவதையும் முதல் லேனிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவரை அவ்வளவு கவனமாகக் கேட்டவன் வேறு யாரும் இருக்க முடியாது. வெறுப்புக்கு நல்ல காது.

அவர் காலமாகிப் பதினாறு கழிந்ததும் அவர் மனைவி செண்பகம் மதினி போன் செய்தார். ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் உள்ள யாருக்காவது விற்றுவிடக் கலெக்டர் ஆபீஸில் அனுமதி கேட்கலாம். இல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

“மூணு பேரு கேட்டுட்டாவ. ஆனா நீங்கதான் மொதல்ல பாத்தவியளாமே? மொதல்ல பாத்தவுக வேண்டாம்னு சொல்லாம அடுத்தவுகளுக்குக் குடுக்கப்பிடாதுன்னு இவிய எப்பவும் சொல்லுவாவ. அதான் உங்ககிட்ட கேக்கேன். வேணுமா, வேண்டாமா?”

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்த வழக்கத்தைச் சொன்னார். என் லைசென்ஸில் இரண்டு துப்பாக்கிக்கு இடம் உண்டு. இரண்டாவது இடத்தை நான் பன்னிரண்டு வருடம் நிரப்பவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். “வேணும், மதினி” என்றேன்.

ஸ்டேஷனுக்கு இருவரும் போனோம். முற்பகல். ஜன்னலுக்கு வெளியே பூவரச மரம், வெயில், ஸ்கூட்டர்கள். அதே மஞ்சள் ஃபிளானல் துணி. துவைத்துத் துவைத்து நிறம் வெளுத்திருந்தது. நகத்தை வைத்துக் குழலைப் பார்த்தேன். அதே வெள்ளிக் கிணறு. பன்னிரண்டு வருடத்தில் ஒரு புள்ளி துரு இல்லை. ஒரு கணம் தேயிலையின் ஈர வாசனை வந்தது, நாய் குரைத்தது. பிறகு சிலிண்டரைத் திருப்பி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அறைகளின் விளிம்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஐந்து அறைகளின் விளிம்பில் மயிரிழைபோல ஒவ்வொரு தழும்பு. தோட்டா போவதற்கு அது தடையல்ல. ஆறாவதில் இரண்டு தழும்பு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எஃகு உள்பக்கமாக மடிந்து ஒரு சின்ன நாக்கு நீட்டியிருந்தது. அந்த அறையில் தோட்டா முழுதாக இறங்காது. இறங்காத தோட்டா சிலிண்டரைச் சுழலவிடாது. அதன் பக்கத்தில்தான் சிவப்புப் புள்ளி.

ஆறு அறை. ஏழு சொடுக்கு. முதலில் அடி வாங்கிய அறைக்குச் சுற்றி வந்து இரண்டாவது அடியும் விழுந்திருக்கிறது. கணக்கு வாத்தியாருக்கும் இதைவிடத் தெளிவாக விடை வராது. என் கைரேகையை யாரோ எஃகில் பதித்து, துணியில் சுற்றி, எண்ணெய் போட்டு, எனக்காகப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்ததுபோல இருந்தது.

“அந்தப் புள்ளி எம் மகளோட நகப்பூச்சு,” என்றார் மதினி. “வாங்கின அன்னைக்கே வச்சாவ. ஒரு அற கெட்டுப்போச்சு, அதுல போடப்பிடாதுன்னாவ. ‘அப்ப கிளப்புல துப்பாக்கி ரிப்பேர் பாக்குகவன்கிட்ட குடுங்க, சரி பண்ணிருவான்லா’ன்னு கேட்டேன். ‘சரி பண்ணிருவான், ஆனா இப்படிச் செஞ்சது யாருன்னு கேப்பான். அஞ்சு போதும், கெடக்கட்டும்’னாவ.” பிறகு என்னைப் பார்த்தார். “யாரு செஞ்சதுன்னு எங்கிட்டயும் சொல்லல. நீங்க மொதல்ல பாத்தவியல்லா. உங்களுக்குத் தெரியுமா?”

பூவரச மரத்தில் காற்று இல்லை. போலீஸ்காரர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

“தெரியாது, மதினி,” என்றேன்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். கிளப்பில் அவரைப் பற்றிக் கண்டபடி பேசியபோது அவர் ஒரே ஒரு காரியம் செய்திருந்தால் போதும். சிலிண்டரைத் திறந்து மேசையில் வைத்து, “எண்ணிப் பாருங்க” என்று சொல்லியிருக்கலாம். செயலாளர் பதவி அவருக்கு வந்திருக்கும். நடு லேனில் நின்றிருப்பார். வெறும் ரிம்ஃபயரைச் சொடுக்கிய படித்த முட்டாள் என்று என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதற்கு நான் செத்துப்போயிருக்க மாட்டேன். ஆனால் கிளப்பை விட்டுப் போயிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. எதிரில் இருப்பது மங்கலாகவும் கிட்ட இருப்பது தெளிவாகவும் தெரிந்த மனிதர் அவர். நான் அவருக்குக் கிட்டத்தில் இருந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியவில்லை.

இதை எழுதும்போதும் அவர்மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏழாம் லேனுக்கு வந்து நிற்கும்படி என்னைக் கூப்பிட்டிருக்கலாம். ஒரு மனிதனை இவ்வளவு காலம் மன்னித்துக்கொண்டே இருப்பதும் ஒருவிதத்தில் அவனைத் தனியே விட்டுவிடுவதுதான். ஆனால் கடையில் அவர் அடிக்கடி சொல்வது இன்னொன்றும் உண்டு, ஆணியைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் சொல்வார்: “ஆணி கோணினதுக்குச் சுத்தியலத் திட்டப்பிடாது.” இந்த விஷயத்தில் சுத்தி யார் கையில் இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

மதினி, நீங்கள் இந்த மலரைப் படிப்பீர்கள். அன்று ஸ்டேஷனில் நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். செய்தது நான்தான். ஏழு முறை. அவர் யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. வாங்குவதற்கு முன் என் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார். இதைக் கிளப்பின் பொதுக்குழுவிலும் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். பன்னிரண்டு வருடம் தாமதம். எனக்குச் செய்தி வந்து சேர்வதுபோலவே என்னிடமிருந்து போவதும் தாமதமாகத்தான் போகிறது.

கலெக்டர் ஆபீஸிலிருந்து அனுமதி வந்துவிட்டது. அடுத்த வாரம் ரிவால்வர் என் கைக்கு வரும். கிளப்பில் ரிப்பேர் பார்ப்பவரிடம் அதைக் கொடுக்கப்போகிறேன். மடிந்த விளிம்பை நிமிர்த்த அரை மணி நேரம் போதும். யார் செய்தது என்று அவர் கேட்பார். சொல்வேன். அதன்பின் ஆறும் வேலை செய்யும். எந்த அறையைக் காலியாக விட்டாலும் ஒன்றுதான். நான் ஏழாம் லேனில் நின்று, அந்த ஒன்றைத்தான் காலியாக விடுவேன். அந்த நகப்பூச்சை மட்டும் துடைத்துவிட வேண்டாம் என்று ரிப்பேர் பார்ப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்ள நான் கேட்பது அந்தச் சிவப்பு மட்டும்.